பார்க்கிங்கை எடுத்துவிட்டால் கடைக்கு யார் வருவார்கள்?

கல்லாப்பெட்டி

வணக்கம். எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன், 16 வருடமாக. எங்கள் தெருவில் ஒரு பக்கத்துப் பார்க்கிங்கை எடுத்துவிட்டு நடைபாதையை அகலமாக்கி, கூடவே சைக்கிளுக்குத் தனிப் பாதை போடப் போகிறார்களாம். வரைபடம் சுவரில் ஒட்டியாகிவிட்டது. வியாபாரிகள் சங்கத்தில் எதிர்ப்பு மனுவும் தயார். அடுத்த வாரம் கையெழுத்துக்கு வருவார்கள்.

"வண்டி நிறுத்த இடமில்லை என்றால் கஸ்டமர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான்" என்கிறார்கள் சங்கத்தில். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் இரவு சாப்பிடும்போது என் மகள் கேட்டாள்: "அப்பா, நம் கடைக்குக் காரில் வருபவர்கள் யார் யார், சொல்லுங்கள் பார்ப்போம்." யோசித்து யோசித்து இரண்டு முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதில் ஒருவர் எங்கள் கணக்கு பார்ப்பவர். அவர் எதுவும் வாங்க வருவதில்லை.

நடந்து வருபவர்களாலும் சைக்கிளில் வருபவர்களாலும் கடைக்கு நிஜமாகவே வியாபாரம் உண்டா? இல்லை, அது சுற்றுச்சூழல்காரர்கள் சொல்லும் ஆறுதல் பேச்சா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிதிப்பவன்

அண்ணே, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் மகள் கேட்ட கேள்வியை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துக் கடைக்காரர்களிடம் 1991-லேயே கேட்டிருக்கிறார்கள். "உங்கள் வாடிக்கையாளர்களில் காரில் வருபவர்கள் எத்தனை பேர்?" கடைக்காரர்கள் சொன்னது 58 சதவீதம். வாங்க வந்தவர்களையே கேட்டபோது வந்த கணக்கு 32 சதவீதம். நடந்து வருபவர்கள் 25 சதவீதம் இருக்கலாம் என்றார்கள், இருந்தது 44.

2006-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலிலும் இதே கதைதான். கடைக்காரர்கள் கணிப்பில் கார் 41 சதவீதம், உண்மையில் 22. வாடிக்கையாளர்களில் அரை மைலுக்குள் குடியிருப்பவர்கள் 12 சதவீதம் என்று நினைத்திருந்தார்கள். பார்த்தால் 42 சதவீதம்! நாம் எங்கிருந்தோ காரில் வரப்போகிறவருக்காக வாசலைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறோம். வாங்குபவர் பக்கத்துச் சந்திலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு வருகிறார்.

மரச்சாமான்

நான் மரச்சாமான் விற்பவன். மூன்று பேர் உட்காரும் சோபாவை கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போன சைக்கிள்காரரை யாராவது பார்த்திருந்தால் படம் போடுங்கள். ஃபிரேம் போட்டுக் கடையில் மாட்டுகிறேன்.

மிதிப்பவன்

காரின் டிக்கியில் சோபா வைத்துக்கொண்டு போனவர் படம் உங்களிடம் இருக்கிறதா சார்? எப்படியும் நீங்கள்தானே வண்டி வைத்து வீட்டில் இறக்குகிறீர்கள்.

மரச்சாமான்

இறக்குவது நாங்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்க்க வருகிறவர் குடும்பத்தோடு வருகிறார், தூரத்திலிருந்து வருகிறார். வருடத்தில் ஒரு தடவை வருகிற ஆள் அவர். நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்று சுற்றிவிட்டு நேரே நெடுஞ்சாலைப் பக்கத்துப் பெரிய ஷோரூமுக்குப் போய்விடுவார். எழுதுபொருள் கடைக்கும் என் கடைக்கும் ஒரே கணக்குப் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கணக்குப்புலி

மரச்சாமான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த விஷயத்தில் இரு தரப்பும் எண்களைத் தங்களுக்கு வசதியாக வளைக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் கெல்லி கிளிஃப்டன் என்ற பேராசிரியர் குழுவோடு செய்த ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது. காரில் வருபவர் ஒரு தடவைக்குச் செலவழிப்பது அதிகம். சைக்கிளில் வருபவர் ஒரு தடவைக்கு வாங்குவது குறைவு, ஆனால் அடிக்கடி வருகிறார். மாதக் கணக்குப் பார்த்தால் உணவகங்களிலும் சின்னக் கடைகளிலும் சைக்கிள்காரர் காரில் வருபவருக்குக் குறையவில்லை, சில இடங்களில் மிஞ்சவும் செய்கிறார். ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் கார்தான் ஜெயித்தது. வாராந்திரச் சாமானை மொத்தமாக வாங்குபவருக்கு டிக்கி தேவைப்படுகிறது. இந்த இரண்டாவது பாதியைச் சைக்கிள் ஆர்வலர்கள் அநேகமாகச் சொல்வதில்லை.

கல்லாவில் நிற்கும் ஆளுக்கு இது ஏன் தெரிவதில்லை? ஒரே பில்லில் பெரிய தொகை போடுபவர் முகம் மனதில் தங்கிவிடுகிறது. வாரத்துக்கு நாலு தடவை வந்து சின்னச் சின்னதாக வாங்கிப் போகிறவர் தினசரிக் காலண்டர் மாதிரி, கண்ணெதிரே இருந்தும் கண்ணில் படுவதில்லை.

அடுத்து நியூயார்க். ஒன்பதாவது அவென்யூவில் 2007-ல் பாதுகாப்பான சைக்கிள் பாதை போட்டார்கள். 2012-ல் நகரப் போக்குவரத்துத் துறை வெளியிட்ட அறிக்கையில், அந்தப் பகுதியின் உள்ளூர்க் கடைகளில் சில்லறை விற்பனை 49 சதவீதம் வரை கூடியது என்றும், அந்த அவென்யூ இருக்கும் மன்ஹாட்டன் பகுதி முழுமைக்கும் அது 3 சதவீதம்தான் என்றும் இருந்தது. இந்த 49 அப்புறம் உலகம் சுற்றியது. என் அபிப்பிராயம், இந்த எண்ணை நம்பி யாரும் கடன் வாங்கக் கூடாது. சில தெருத்துண்டுகளின் கணக்கு அது. அதே காலத்தில் அந்தப் பகுதியில் வேறு என்னென்னவோ மாறியிருக்கும். எல்லாப் பெருமையும் ஒரு பச்சைக் கோட்டுக்குப் போய்ச் சேராது.

சால்ட் லேக் சிட்டியில் ஒரு தெருவில் பார்க்கிங்கில் சுமார் 30 சதவீதத்தை எடுத்துவிட்டுச் சைக்கிள் பாதை போட்டார்கள். விற்பனை 8.8 சதவீதம் ஏறியது, நகரம் முழுக்க 7 சதவீதம். நான் அதிகம் நம்புவது இந்த மாதிரி எண்ணைத்தான். வித்தியாசம் சின்னது. ஆனால் கல்லாப்பெட்டிக்கு வேண்டிய பதில் அதில் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு பார்க்கிங் போயும் வியாபாரம் படுக்கவில்லை.

டொராண்டோவின் புளோர் தெருவும் அப்படித்தான். 2016 ஆகஸ்டில் சோதனையாகப் போட்ட பாதையை 2017 நவம்பரில் நிரந்தரமாக்கினார்கள். கடைக்கு வருபவர்களும் அவர்கள் செலவும் கூடியிருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட, பாதை போடாத தெருவிலும் கூடியிருந்தது. ஆகவே "பாதை போட்டதால்தான் ஏறியது" என்று அடித்துச் சொல்ல முடியாது. "பாதை போட்டதால் விழுந்தது" என்று சொல்லவே முடியாது.

ஓரமா_போ

இவ்வளவு நீளமா! ஆனால் முழுசாகப் படித்துவிட்டேன்.

பழைய_ஷட்டர்

எண்களை விடுங்கள். அனுபவத்தைச் சொல்கிறேன்.

நடைபாதையை அகலமாக்குகிறோம் என்று எங்கள் தெருவையும் தோண்டினார்கள். ஒரு பருவத்துக்குள் முடியும் என்றார்கள். தோண்டியது ஒரு துறை, அதற்குள் குழாய் மாற்ற வந்தது இன்னொரு துறை, மூடியது மூன்றாவது ஆள். மூடியதை மறுபடி தோண்டினார்கள். கடை வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு பள்ளம், அதன் மேல் ஒரு ஒற்றைப் பலகை. வயதானவர் ஒருவர் பலகை வரை வந்து, நின்று, என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத் திரும்பிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. பதினைந்து வருட வாடிக்கை அவர். அந்தப் பலகையை எடுத்த பிறகும் அவர் திரும்பவில்லை. வேறு கடை பழகிவிட்டது.

முடிந்த பிறகு தெரு அழகாகத்தான் இருந்தது. அதற்குள் எங்கள் வரிசையில் இரண்டு ஷட்டர் இறங்கிவிட்டது. ஈ ஓட்டிக்கொண்டே எத்தனை மாதம் வாடகை கட்ட முடியும்? இப்போது மரம், பெஞ்சு, கூட்டம் எல்லாம் இருக்கிறது. அனுபவிப்பது புதிதாக வந்த கடைகள்.

அதோடு இன்னொன்று. அமெரிக்காவில் கலமசூ என்ற ஊர் 1959-லேயே கடைத்தெருவை நடப்பவர்களுக்கென்று மூடியது. அதைப் பார்த்து ஊர் ஊராக மூடினார்கள், இருநூறு தெருக்கள் பக்கம் சொல்கிறார்கள். பெரும்பாலானவற்றில் கூட்டம் வரவில்லை. கலமசூவே 1998-ல் தன் தெருவில் ஒரு பகுதியைக் காருக்குத் திறந்துவிட்டது. சிகாகோவின் ஸ்டேட் தெருவில் 1979-ல் கார்களை நிறுத்தினார்கள், 1996-ல் மறுபடி விட்டார்கள். இதையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், புலி.

கணக்குப்புலி

சேர்க்கத்தான் வேண்டும், ஐயா. அந்தப் பலகைக் கதைக்கு என்னிடம் பதில் இல்லை. தெருவைத் துண்டு துண்டாக எடுத்து, ஒரு துண்டை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும் என்று எழுத்தில் வாங்காமல் எந்த வியாபாரியும் சம்மதிக்கக் கூடாது. முடியும் தேதி தள்ளிப்போனால் வாடகையோ வரியோ யார் ஏற்பது என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

கலமசூ விஷயத்தில் மட்டும் ஒன்று. அந்த ஊர்களில் கடைத்தெருவைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் ஏற்கெனவே புறநகருக்குக் கிளம்பிவிட்டார்கள். நடந்து வரும் தூரத்தில் ஆளே இல்லாத இடத்தில் நடப்பதற்குத் தெரு போட்டால் யார் நடப்பார்கள்? அதே நாட்டில் போல்டரின் பேர்ல் தெருவும் (1977) பர்லிங்டனின் சர்ச் தெருவும் (1981) இன்றும் நிறைந்துதான் இருக்கின்றன. இரண்டும் பல்கலைக்கழக ஊர், காலாற வருகிற ஜனம் பக்கத்திலேயே இருக்கிறது.

கல்லாப்பெட்டி, உங்கள் தெருவுக்கு மேல் மாடிகளிலும் பின் சந்துகளிலும் ஆட்கள் குடியிருக்கிறார்களா? முதலில் அதைப் பாருங்கள்.

நடராஜா_சர்வீஸ்

என் வாகனம் என்ன என்று பெயரிலேயே தெரியும். ஒரு சின்னக் கணக்கு.

கடை முகப்பு 4 மீட்டர் அகலம் என்று வையுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் அதைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி. மெதுவாக மிதிப்பவருக்கு, 15 கிலோமீட்டர் என்றால், 1 நொடி. 40-ல் போகும் காருக்கு அரை நொடிகூட இல்லை, அதுவும் ஓட்டுகிறவர் கண் முன்னால் போகிற வண்டியின் பிரேக் விளக்கில் இருக்கும்.

3 நொடி போதுமா என்றால் போதும். போன வாரம் குடை வாங்கினேன். குடை வாங்க வெளியே வரவில்லை, தபால் பெட்டி வரை போய்விட்டு வரலாம் என்று கிளம்பியவன். ஒரு கடையில் குடைகளைக் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஒன்றின் கைப்பிடி வளைவில் மரம் மாதிரி ரேகை. நின்றேன், தொட்டேன், பிளாஸ்டிக்தான் என்று தெரிந்தது. அதற்குள் கடைக்காரம்மா "விரித்துப் பாருங்கள்" என்றுவிட்டார். விரித்த பிறகு வாங்காமல் வர எனக்குத் தெம்பு இல்லை. காரில் போயிருந்தால் அந்தக் கடை இருப்பதே எனக்குத் தெரியாது.

டென்மார்க்கின் யான் கெல் என்ற நகர வடிவமைப்பாளர் வாழ்நாள் முழுக்கச் சொல்லி வருவது இதைத்தான். 5 கிலோமீட்டர் வேகத்துக்குக் கட்டிய தெரு வேறு, 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கட்டிய தெரு வேறு. அவர் அளந்து அளந்து பார்த்த கோபன்ஹேகனின் ஸ்ட்ரோயெட் தெருவை 1962 நவம்பரில் காருக்கு மூடினார்கள், முதலில் சோதனையாக. அங்கேயும் கடைக்காரர்கள் கொதித்தார்கள். கார் இல்லாமல் வியாபாரமா, இது என்ன இத்தாலியா, குளிரில் எவன் தெருவில் நிற்பான் என்றெல்லாம் பேச்சு. இரண்டு வருடத்தில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். இன்றைக்கு அந்த ஊரிலேயே வாடகை அதிகமான இடங்களில் அதுவும் ஒன்று.

வாடகைதாரி

அந்தக் கடைசி வரியில்தான் என் வயிற்றெரிச்சல் இருக்கிறது.

தெரு நன்றாக ஆனால் யாருக்கு லாபம்? கட்டடச் சொந்தக்காரருக்கு. நான் வாடகைக்குத் தையல் கடை நடத்துகிறேன். கூட்டம் கூடினால் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வாடகையும் கூடும். என்னால் கட்ட முடியாவிட்டால் நாலு ஊரில் கிளை உள்ள கடை வந்து உட்காரும். நடப்பவர்கள் வருவார்கள், மிதிப்பவர்கள் வருவார்கள், நான் இருக்க மாட்டேன்.

நான் திட்டத்துக்கு எதிரி இல்லை. என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் நடந்து வருகிற பெண்கள்தான். ஒருத்தி அளவு கொடுத்துவிட்டுப் போவாள், மறுநாள் எட்டிப் பார்த்து "ஆச்சா அக்கா" என்பாள், அதற்கடுத்த நாள் தங்கையையும் கூட்டி வருவாள். பார்க்கிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான். கல்லாப்பெட்டி அண்ணா, கடை சொந்தமா வாடகையா? வாடகை என்றால் வேலை தொடங்குவதற்கு முன்னால் நீண்ட கால ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

லோடு_மன்னன்

நான் சரக்கு இறக்குபவன். இந்தத் திட்டம் போடுகிறவர்கள் யாரும் எங்களைக் கேட்பதே இல்லை.

பார்க்கிங்கை எடுத்துவிட்டால் நான் எங்கே நிறுத்துவது? சைக்கிள் பாதையில் நிறுத்துவேன். திட்டுவார்கள், திட்டட்டும். முப்பது அட்டைப் பெட்டியை அடுத்த தெருவிலிருந்து தலையில் சுமந்து வர முடியாது.

வழி இருக்கிறது. நடப்பவர்களுக்கான தெருக்கள் பலவற்றில் காலை நேரத்தில் மட்டும் சரக்கு வண்டியை உள்ளே விடுகிறார்கள், ஜனம் வருவதற்குள் வெளியேறிவிட வேண்டும். இல்லையென்றால் தெருவுக்கு இரண்டு இடம் "ஏற்றி இறக்க மட்டும்" என்று குறித்து, அங்கே வேறு யாரும் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உண்மையில் எனக்கு இப்போதைய தெருவைவிட அது மேல். இப்போது இருக்கிற பார்க்கிங்கில் எனக்கு என்றைக்கு இடம் கிடைத்தது? காலையில் நான் வரும்போதே எல்லாம் நிறைந்திருக்கும். எந்தக் கஸ்டமர் கடை திறக்குமுன் வந்து நிறுத்துகிறார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கல்லாப்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. கடை சொந்தம்தான் அம்மா, அப்பா வாங்கிப் போட்டது. மேல் மாடிகளில் குடித்தனங்கள் இருக்கின்றன புலி, பின் சந்து முழுக்க வீடுகள்.

கிராட்ஸ் கதையைப் படித்ததிலிருந்து மனது கேட்கவில்லை. ஒரு பழைய நோட்டில் நாலு பத்தி போட்டேன்: நடை, சைக்கிள், பஸ், கார். பில் போடும்போது "எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டு ஒரு கோடு. நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. ஆறு நாள்.

இரண்டாம் நாள் மதியமே நடைப் பத்தி பக்கத்தின் அடியைத் தொட்டுவிட்டது, ஒட்டி இன்னொரு தாள் வைத்தேன். சைக்கிள் பத்தியில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மட்டும் கட்டுக் கட்டாக ஏறுகிறது. இவர்கள் நடைபாதையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டே பேனா கேட்பவர்கள். பூட்ட இடம் இல்லை, அதனால் உள்ளே வருவதே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. கார்ப் பத்தியில் ஆறு நாளைக்கும் சேர்த்து ஒரு குறுக்குக் கோடு போடும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

இதைவிட ஒரு விஷயம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. லோடு மன்னன் கேட்ட கேள்வி உறுத்தியதால், காலையில் நிறுத்தியிருந்த வண்டிகள் யாருடையவை என்று ஷட்டர் ஏற்றியவுடன் வரிசையாகப் பார்த்தேன். முதல் கார் கண்ணாடிக் கடை முதலாளி. அடுத்தது மருந்துக்கடைப் பையனின் பைக். அதற்கடுத்து எதிர் மாடி அலுவலகத்தார் இரண்டு பேர். என் கடைக்கு நேர் முன்னால், சாயங்காலம் வரை நகராமல் நிற்கும் சாம்பல் நிறக் கார் என்னுடையது.

மிதிப்பவன்

அண்ணே 😂 உங்கள் நேர்மைக்கு ஒரு கும்பிடு.

வெட்கப்பட ஒன்றுமில்லை. பெர்லினில் இரண்டு கடைத்தெருக்களில் இதை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். காரில் வருபவர்கள் சுமார் 22 சதவீதம் என்று கடைக்காரர்கள் நினைத்தார்கள், இருந்தது 7 சதவீதம் போல. தானே காரில் கடைக்கு வரும் முதலாளிதான் வாடிக்கையாளரும் காரில் வருகிறார் என்று அதிகமாக நினைக்கிறார் என்பதும் அதில் தெரிந்தது. காரில் வராதவர்கள் தந்த வருமானம் 91 சதவீதம்.

மரச்சாமான்

சரி, என் கடை வாசலையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஆனால் எனக்குப் பதில் மாறாது என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கும்_சக்கரம்

சக்கர நாற்காலியில் போகிறவள். நடைபாதை பற்றிப் பேசும்போது எங்களை யாராவது சேர்ப்பார்கள் என்று பார்த்தேன், காணோம். நானே வந்துவிட்டேன்.

வியாபாரிகளே, பார்க்கிங்கைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் உங்கள் கடை வாசற்படியைப் பாருங்கள். ஒரே ஒரு படி, ஒரு சாண் உயரம். நீங்கள் தினமும் நூறு தடவை ஏறி இறங்குவதால் அது உங்கள் கண்ணுக்குப் படியே இல்லை. எனக்கு அது மூடிய ஷட்டர். குழந்தை வண்டி தள்ளி வருபவர்களுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் அப்படித்தான். அடுத்தது, நடைபாதையில் நீங்கள் பரப்பும் சரக்கு. பொம்மை, பக்கெட், தள்ளுபடிப் பலகை. நடைபாதை அகலமானால் பரப்பும் அகலமாகும் என்பது என் பயம். அப்புறம் நடப்பவர் மறுபடி தெருவில்தான் நடப்பார்.

கழிப்பறையும் வேண்டும். உட்கார இடமும் வேண்டும். உட்கார இடம் இருந்தால் என் அம்மா இன்னும் இரண்டு கடை கூடுதலாக ஏறுவார், இல்லையென்றால் மூன்றாவது கடையில் "போதும், வீட்டுக்குப் போகலாம்".

கல்லாப்பெட்டி

என் கடையிலும் ஒரு படி இருக்கிறது தங்கச்சி. சாய்தளம் போட எவ்வளவு நீளம் வேண்டும்?

எனக்கும்_சக்கரம்

ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நடைபாதையையே எழுப்பப் போகிறார்கள் என்றால் உங்கள் வாசல் மட்டத்துக்கு எழுப்பச் சொல்லுங்கள். சாய்தளமே தேவைப்படாது. வரைபட நிலையில் கேட்டால் செய்வார்கள், கான்கிரீட் காய்ந்த பிறகு கேட்டால் கோப்பைத்தான் நகர்த்துவார்கள்.

பழைய_ஷட்டர்

இது நல்ல யோசனை. எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை.

மிதிப்பவன்

சைக்கிள் பூட்ட இடம் பற்றியும் இப்போதே கேளுங்கள் அண்ணே. ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டு முதல் பத்து சைக்கிள் நிற்கும். மெல்போர்னின் லைகன் தெருவில் 2008-ல் இடத்தை வைத்தே கணக்குப் போட்டார்கள். ஒரு சதுர மீட்டர் சைக்கிள் நிறுத்தம் மணிக்கு 31 ஆஸ்திரேலிய டாலர் செலவைத் தெருவுக்குக் கொண்டுவந்தது, அதே ஒரு சதுர மீட்டர் கார் நிறுத்தம் 6 டாலர். (புலி வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், சைக்கிள் நிறுத்தம் நிறைந்திருந்தால்தான் இந்தக் கணக்கு.)

வகையையும் பார்த்து வாங்குங்கள். முன் சக்கரத்தை மட்டும் கவ்வும் மட்டமான கம்பியை வைத்துவிட்டுப் போவார்கள். சைக்கிள் ஒருபக்கம் சாய்ந்தால் ரிம் கோணிவிடும், சக்கரத்தை விட்டுவிட்டு மீதியைத் திருடிக்கொண்டு போகவும் வசதி. கவிழ்த்த "ப" மாதிரி தடிமனான இரும்புக் குழாய், தரையில் கான்கிரீட் போட்டுப் பதித்தது, அதுதான் சரி. சட்டமும் சக்கரமும் சேர்த்துப் பூட்டலாம். கடைக்குள்ளிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். பூட்டு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் மனுஷன் நிதானமாக வாங்குவான்.

நடராஜா_சர்வீஸ்

கையெழுத்து வாங்க வருகிறவர்களிடம் சொல்ல ஒரு கதை தருகிறேன்.

1972, பிரேசிலின் குரிடிபா. ஜெய்ம் லெர்னர் என்ற கட்டடக் கலைஞர் மேயர். ஊரின் முக்கியக் கடைத்தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்ற நினைத்தார். வியாபாரிகள் நீதிமன்றம் போவார்கள் என்று தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை கடைகள் அடைத்த பிறகு ஆட்களை இறக்கினார். சாலையைப் பெயர்த்து, கல் பாவி, பூத்தொட்டி வைத்து, விளக்கு நட்டு, திங்கட்கிழமைக்குள் முதல் பகுதியை முடித்துவிட்டார். கொஞ்ச நாளில் எதிர்த்த வியாபாரிகளே எங்கள் பகுதி வரைக்கும் நீட்டுங்கள் என்று கேட்டு வந்தார்கள்.

கார்காரர்கள் விடவில்லை. கூட்டமாக வந்து தெருவை மீட்பது என்று திட்டம் போட்டார்கள். வந்து பார்த்தால் தெரு நீளத்துக்குத் தாள் விரித்துக் குழந்தைகள் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். கார்கள் திரும்பிப் போயின.

பழைய_ஷட்டர்

கதை நன்றாக இருக்கிறது. மூன்று நாளில் முடித்தார் பாருங்கள், எனக்கு அதுதான் கதையே. எங்களுக்கு அப்படி முடித்திருந்தால் நான் இந்தப் பக்கமே வந்து புலம்பியிருக்க மாட்டேன். ஆனால் ஜனங்களைக் கேட்காமல் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்லதாக முடிந்ததால் ஹீரோ, இல்லையென்றால்?

கணக்குப்புலி

அதுவும் சரி. 1999-லிருந்து நகர மையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பவர்களுக்குக் கொடுத்த ஸ்பெயினின் பொன்தேவெத்ரா மாதிரி நிதானமாகவும் செய்யலாம். அதே மேயர் தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்து வந்தார்.

மரச்சாமான்

பார்த்துவிட்டேன். என் கடைக்கு வாங்க வந்தவர்களில் பாதிக்கு மேல் காரில்தான் வந்தார்கள். சொன்னேனே! ஆனால் அவர்களும் வாசலில் நிறுத்தவில்லை, இடம் இல்லாமல் கோயில் மதில் ஓரம் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். வாசலில் நின்றது என் மச்சானின் வேன்.

கல்லாப்பெட்டி

சங்கத்திலிருந்து நேற்று வந்தார்கள். நோட்டை எடுத்துக் காட்டினேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் "உன் கடைக்கு அப்படி" என்றார். கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, தானும் ஒரு வாரம் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடவில்லை. திட்டத்தை அப்படியே ஏற்கும் தாளிலும் போடவில்லை. தனியாக ஒரு மனு எழுதியிருக்கிறேன். வேலையைத் துண்டு துண்டாக முடிப்பது, தெருவுக்கு இரண்டு லோடு இடம், நடைபாதை வாசல் மட்டத்துக்கு, கவிழ்த்த "ப" கம்பி, இரண்டு பெஞ்சு, முதலில் ஆறு மாதம் சோதனை, முன்னும் பின்னும் கணக்கெடுப்பு. வாடகைதாரியின் விஷயத்தை எந்தத் தாளில் எழுதுவது என்று தெரியவில்லை அம்மா, மன்னிக்கவும். எங்கள் வரிசையில் வாடகைக்கு இருக்கும் நாலு பேரிடம் ஒப்பந்தத்தைச் சீக்கிரம் புதுப்பிக்கச் சொல்லிவிட்டேன்.

இன்று காலை என் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன். முதல் தடவையாக என் கடைக்கு முன்னால் ஓர் இடம் காலியாக இருந்தது. மகளிடம் போனில் பெருமையாகச் சொல்லிக்கொண்டே ஷட்டரைத் தூக்கினேன். பூட்டை மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அங்கே ஒரு வெள்ளைக் கார். எதிர் மாடி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவராம். சாயங்காலம் எடுத்துவிடுகிறேன் என்றார்.